டூப்ளிசிட்டி: வேர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

நயவஞ்சகம், இரட்டை வேடம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் டூப்ளிசிட்டி, லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். 'டுவோ' என்றால் இரண்டு. 'ப்ளெக்ஸ்' மடிப்பைக் குறிக்கும் பகுதி. ஒரே மடிப்பு உள்ளது சிம்ப்ளெக்ஸ், இரு மடிப்பு உள்ளது டூப்ளெக்ஸ். சிம்ப்ளிசிட்டிக்கு எதிரே டூப்ளிசிட்டி நிற்பது இப்படித்தான்.

இதை விளக்குபவர்கள் பலர் முதலில் சறுக்கும் இடம் 'டூப்'. ஏமாறுபவரைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல்லை டூப்ளிசிட்டியின் சுருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அகராதிகள் காட்டும் வழி வேறு. பிரெஞ்சில் 'உப்' என்பது நம்மூர்க் கொண்டலாத்தி. அது மந்தமான பறவை என்ற எண்ணத்தில், ஏமாளிக்கு அதன் பெயரை ஒட்டி 'டூப்' என்று பெயர் வைத்தது அந்நாட்டுத் திருடர்களின் குழூஉக்குறி. பாவம், கொண்டலாத்தி! சண்டைக் காட்சியில் நாயகனுக்குப் பதில் குதிக்கிற நம் சினிமா 'டூப்' மட்டும் டூப்ளிகேட் வீட்டுப் பிள்ளை.

'ஆதியில் வெறும் இரண்டு என்ற பொருள்தான்; வஞ்சகத்தை ஆங்கிலேயர் பின்னால் ஏற்றினார்கள்' என்பது இன்னொரு பிழை. கி.மு. 23-இல் வெளியான பாடல்களிலேயே ரோமக் கவிஞர் ஹோரஸ் கிரேக்கக் காவியத்தின் தந்திரக்கார வீரன் யுலிஸஸை 'டூப்ளெக்ஸ்' என்கிறார். மறுபக்கம், பழைய பொருளும் சாகவில்லை. ஒரே குற்றச்சாட்டுக்குள் இரண்டு குற்றங்களைத் திணித்தால், அந்தக் குறைக்கு ஆங்கிலேயச் சட்டத்தில் இன்றும் டூப்ளிசிட்டி என்றுதான் பெயர். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நம்மவர்கள் விழும் பள்ளம் தனி. 'இரு மடங்கு' என்கிறோம். மடங்குவது என்றால் மடிவது. லத்தீனும் அதையே சொல்கிறதே, அப்படியானால் சொல் இங்கிருந்து போனதுதான் என்று முடிவு கட்டுவது அவசரம். துணியை மடித்தால் இரண்டாகும் என்பது எந்த ஊர்க்காரருக்கும் தோன்றும். ஒலிகள் ஒழுங்காகப் பொருந்தி வந்தால்தான் உறவு என்று பேசலாம். 'மட'வும் 'ப்ளெக்'கும் பொருந்தவே இல்லை.

உண்மையான உறவு வேண்டுமென்றால் வடமொழி வழியே வந்த சொற்களில் தேடலாம். வடமொழி 'த்வி'யும் லத்தீன் 'டுவோ'வும் ஒரே மூலத்தின் கிளைகள். துவைதம் அந்த வழியில் வந்தது. இரு மொழி பேசும் 'த்விபாஷி' தேய்ந்து உருவான துபாஷியும் அப்படியே. புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் பதவிப் பெயர், அந்த வகையில் டூப்ளிசிட்டிக்குத் தூரத்துப் பங்காளி.