ஷாஃப்ட் மறுபடியும் அதே இடத்தில் உடைகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருஷா வருஷம் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்து சேர்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் மெஷினில் சுற்றும் தண்டான ஷாஃப்ட் ஒன்று உடைந்துவிட்டால், எங்கள் தலைமுறை எதையெல்லாம் செய்து நஷ்டப்பட்டதோ அதையே அவர்களும் செய்கிறார்கள். ஓவர்லோடு கூடாது, கிரீஸ் வை என்பதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். அளவான லோடிலேயே திரும்பத் திரும்ப வளைந்து, உலோகம் சோர்ந்து உடைவதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

நேற்று வரை ஓடியதே என்று நம்புவது

1440 ஆர்பிஎம்மில் சுற்றும் ஷாஃப்ட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 20 லட்சம் சுற்றுகளைத் தாண்டிவிடும். அதன்மேல் வளைக்கும் லோடு இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்கும். விரிசல் சத்தமில்லாமல் வளரும்.

உடைந்ததும் உயர்ந்த ரக ஸ்டீல் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. திருவள்ளூர் பக்கம் ஒரு ஃபேக்டரி. காற்றடிக்கும் புளோயரின் ஷாஃப்ட், சாதாரண இஎன்8 ஸ்டீல், பேரிங் உட்காரும் படியில், அதாவது விட்டம் மாறும் இடத்தில், உடைந்தது. உடனே அதைவிடப் பலமான இஎன்24 ஸ்டீல் வாங்கி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்து மாட்டினார்கள். அதே படியில் மறுபடி உடைந்தது. இந்த முறை இம்பெல்லரும் கேசிங்கும் சேர்ந்து போயின, லைன் நின்றது.

"மெட்டீரியல்ல ஏமாத்திட்டாங்க சார்" என்றான் அங்கிருந்த பையன்.

"மெட்டீரியலை விடு தம்பி. உடையாத அந்தப் பக்கத்துப் படியில நகத்தை ஓட்டிப் பாரு" என்றேன். மூலையில் போய் நகம் சிக்கிக்கொண்டது. வளைவு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

50 மி.மீ. ஷாஃப்ட்டில் அந்த மூலைக்கு 1 மி.மீ. ரேடியஸில் வளைவு கொடுத்தால், வளைக்கும் லோடில் அங்கே தகைவு (ஸ்ட்ரெஸ்) 2 மடங்குக்கு மேல் ஏறும். 5 மி.மீ. கொடுத்தால் ஏறக்குறைய 1.6 மடங்கோடு நிற்கும். ரேடியஸே இல்லாவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். சாதாரண ஸ்டீல் கூர் மூலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கெட்டியான ஸ்டீல் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய பலத்தில் பெரும்பகுதியை அந்த மூலையே தின்றுவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1842இல் பிரான்சின் வெர்சாய் பாதையில் ரயில் எஞ்சினின் அச்சு உடைந்து பெரிய விபத்து நடந்தது. அடுத்த வருஷமே ஸ்காட்லாந்து பொறியாளர் ரேங்கின் ரயில் அச்சுகளை ஆராய்ந்து, விரிசல் படியின் மூலையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது, மூலையை வளைவாகச் செய்யுங்கள் என்று எழுதினார். இத்தனை காலம் கழித்தும் கூர் மூலையோடு ஜாப் வருகிறது.

டர்னர் அண்ணனைத் திட்டிப் பயனில்லை. பேரிங் ஷோல்டரில், அதாவது படியின் சுவரில், ஒட்டி உட்கார வேண்டும் என்றுதான் அவர் கூராக வெட்டுகிறார். டிராயிங்கில் ரேடியஸ் எழுதாதது நம் தப்பு. ஷாஃப்ட்டில் எவ்வளவு ரேடியஸ் வரை போகலாம் என்று பேரிங் கேட்டலாக்கிலேயே இருக்கும். அது போதாவிட்டால், உள் விளிம்பைச் சரிவாகச் சீவி சாம்ஃபர் போட்ட ஸ்பேசர் ரிங் ஒன்றை ஷோல்டருக்கும் பேரிங்குக்கும் நடுவில் வைத்துவிட்டு, ரேடியஸைப் பெரிதாக எடுங்கள். அப்புறம் அந்த வளைவை பாலிஷ் செய்யுங்கள். குறுக்கே ஓடும் டூல் கோடு ஒன்றே விரிசல் தொடங்கப் போதும். அந்தப் புளோயருக்கு இப்படித்தான் செய்தோம், பழைய இஎன்8லேயே. இன்றுவரை ஓடுகிறது.

உடைந்த முகத்தை கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது

காரணம் அந்த முகத்தில்தான் இருக்கிறது. மெரினா மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாகத் தெரியும். அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி விரிகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. கடைசியில் ஒரேயடியாக உடைந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். அது சின்னதாக இருந்தால் லோடு குறைவு, மூலையையும் கீவேயையும் (சாவி உட்காரும் பள்ளம்) சந்தேகப்படுங்கள். பெரிதாக இருந்தால் லோடையே பாருங்கள். இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், முகம் நசுங்கிவிடும்.

விரிசல்மேல் வெல்டிங் அடிப்பது

சுற்றும் ஷாஃப்ட்டில் கூடவே கூடாது.

எண்ணூர்க் காற்றை மறப்பது

குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே ஸ்டீல் எத்தனை கோடி சுற்றும் தாங்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது துரு பிடிக்காத வரைக்கும்தான். உப்புக்காற்று அரித்த சின்னக் குழி ஒவ்வொன்றும் ஒரு கூர் மூலை. அரிப்பு தொடர்ந்தால் அந்த எல்லையே இல்லாமல் போகும். அலுமினியத்துக்கு முதலிலிருந்தே அப்படி ஒரு தெளிவான எல்லை கிடையாது. கடலோர யூனிட்டுகளில் ஷட்டவுன் தோறும் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, படியிலும் கீவே முனையிலும் விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துப் பாருங்கள். வெள்ளை டெவலப்பரில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் அந்த ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள்.