கேப் எபிக்: இரண்டு பேர், எட்டு நாள்

தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் மலை சைக்கிள் பந்தயத்துக்குத் தனி ஆளாகப் பெயர் கொடுக்க முடியாது. ஜோடியாகத்தான் போக வேண்டும். மார்ச் மாதம், எட்டு நாள். முதல் நாள் புரோலாக் என்ற குட்டி ஓட்டம், பிறகு ஏழு கட்டங்கள். பாதை வருஷா வருஷம் மாறும். மொத்தம் 600 முதல் 700 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 15,000 மீட்டரை ஒட்டி வரும். போக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் என்ன சைக்கிள் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, ‘யாரோட போறீங்க?’

காரணம் இரண்டு நிமிட விதி. ஜோடியில் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் நேர தண்டனை, தொடர்ந்தால் வெளியே. ஆக, உங்கள் வேகம் என்பது மெதுவானவரின் வேகம்தான். எங்கள் ஜோடியில் அது நான். என் தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஏற்றத்தில் பேசிக்கொண்டே மிதிப்பான். நாங்கள் வகுத்துக்கொண்ட முறை இது: ஏற்றத்தில் நான் முன்னால், அவன் என் பின்சக்கரத்தைத் தாண்டக்கூடாது. எதிர்காற்று அடிக்கும் சமவெளியில் அவன் முன்னால், நான் அவன் மறைவில். இறக்கத்தில் யாருக்குக் கை பழக்கம் அதிகமோ அவர் முன்னால் போய் வழி காட்ட வேண்டும்.

‘அக்கா, எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘பரவால்லடா’ என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. சோர்வுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் வையுங்கள். நான் ‘எட்டு’ என்றால் அவன் வாயைத் திறக்காமல் வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘ஆறு’ என்றால் போகலாம். வலுவானவர் மற்றவரின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது இந்தப் பந்தயத்தில் சகஜம். வெட்கப்படாதீர்கள், ஆனால் ஊரிலேயே பழகிவிட்டுப் போங்கள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொருவரைத் தள்ளுவது தனி வித்தை.

டென்மார்க்கின் அனிக்கா லாங்வாட் 2014 முதல் 2019 வரை ஐந்து முறை பெண்கள் பட்டம் வென்றார், மூன்று வெவ்வேறு ஜோடிகளோடு. ஜோடிக்குத் தக்கபடி ஓட்டத் தெரிவதும் ஒரு திறமைதான்.

இன்னொன்றை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஒருவர் விழுந்தோ வயிறு கெட்டோ நின்றுவிட்டால், மற்றவர் அணிக் கணக்கில் சேராமல் தனியாக ஓட்டி முடிக்கலாம். போவாரா, மாட்டாரா? மருத்துவக் கூடாரத்து வாசலில் நின்று இதைப் பேசினால் உறவு கெடும்.

பயிற்சியில் ஒரே நாளில் எவ்வளவு தூரம் போனோம் என்பது பெரிய விஷயமில்லை, மறுநாளும் போக முடிகிறதா என்பதுதான் விஷயம். மேட்டுப்பாளையம் – கோத்தகிரி மலைப்பாதை சுமார் 33 கிலோமீட்டர். சனிக்கிழமை அதில் ஏறிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அசதிக் காலோடு மறுபடி அதே பாதையில் ஏறுங்கள். பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பு நாலைந்து நாள் தொடர்ந்து இப்படி ஓட்டிப் பாருங்கள். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறையுங்கள். தார்ச்சாலை மட்டும் போதாது, கல்லிலும் மணலிலும் கை மரத்துப்போகும். கிளீட் ஷூவோடு (பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ) சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரட்டில் நடந்தும் பழகுங்கள். பந்தயம் போகும் டல்பாக் ஊர்ப் பக்கத்துப் பழைய வண்டிப்பாதையில் உருளும் கல்லில் பெரும்பாலோர் இறங்கித்தான் நடக்கிறார்கள்.

சைக்கிள் விஷயம் சுருக்கமாக: இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன், அது அமுங்கும் அளவு 100 முதல் 120 மில்லிமீட்டர், 29 அங்குலச் சக்கரம், பின்னால் 10–51 பல் கேசட் (கியர் பல்சக்கர அடுக்கு). முன் பல்சக்கரத்தில் வலுவானவருக்கு 32 பல், மற்றவருக்கு 30. இரண்டு சைக்கிளுக்கும் பிரேக் பேட் ஒரே ரகமாக இருந்தால் உதிரிச் சுமை பாதியாகும். டியூபும் பம்பும் ஒருவரிடம், செயின் இணைப்பும் டெரெய்லர் ஹேங்கரும் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு) இன்னொருவரிடம். டயர் ஓட்டையில் செருகும் பஞ்சர் பிளக் மட்டும் இருவரிடமும் இருக்கட்டும். அங்கே நம்மூர் நெருஞ்சி முள்ளே வழியெல்லாம் கிடக்கிறது, அதனால் டியூப்லெஸ் டயரும் உள்ளே ஓட்டையை அடைக்கும் புது சீலன்ட் திரவமும் கட்டாயம். டயருக்குக் காற்றடிக்கும் குட்டி சிலிண்டரை விமானத்தில் பெரும்பாலும் விடமாட்டார்கள், கேப் டவுனில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோலாக்கை விளையாட்டாக எடுக்காதீர்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் மறுநாள் எந்தக் கூட்டத்தில் புறப்படுவீர்கள் என்று முடிவாகும். பின் கூட்டத்தில் மாட்டினால் புழுதியைத் தின்று, ஒற்றையடிப் பாதையில் வரிசையில் நிற்க வேண்டும்.

மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், முதல் மணி நேரத்திலிருந்தே. மூன்றாம் நாளுக்குப் பிறகு மாவுச்சத்து ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும். நான் தண்ணீர் நிலையங்களில் உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கிலேயே பிழைத்தேன். பாட்டில் வாய்க்கு மூடி போட்டது வாங்குங்கள். பண்ணைப் பாதைகளில் சாணி கலந்த சேறு தெறிக்கும். 2008இல் வேல்ஸின் பில்த் வெல்ஸ் ஊரில் நடந்த மலை சைக்கிள் பந்தயத்தில் ஆட்டுப்புழுக்கை கலந்த சேற்றை விழுங்கியே பலருக்கும் கேம்பைலோபேக்டர் கிருமித் தொற்று வந்தது. இரவு தங்கும் கூடார முகாமிலும் சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் முகாமில் அரட்டைக்கு உட்காராதீர்கள். குடியுங்கள், ஓட்டின கால்சட்டையை உடனே கழற்றிக் குளியுங்கள், சாப்பிடுங்கள், சைக்கிளைப் பாருங்கள், படுங்கள். ஈரக் கால்சட்டையோடு அரைமணி உட்கார்ந்தால் சீட் புண் வரும், அதோடு மீதி நாட்கள் நரகம். பெண்கள் இதை யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டே அவதிப்படுகிறார்கள். நல்ல கால்சட்டை நாலு, தோல் உரசாமல் தடவும் சாமுவா கிரீம் ஒரு டப்பா, துவைக்கச் சோப்பு, இவை போதும். கூடாரங்கள் நெருக்கி நெருக்கி இருக்கும், பக்கத்து ஆள் குறட்டை விடுவார். காதடைப்பான் மறக்காதீர்கள். ஒன்பது மணிக்குள் தூங்கினால்தான் விடிவதற்கு முன்னால் எழ முடியும்.

ஊர் திரும்பும் டிக்கெட்டைப் பந்தயம் முடியும் அன்றே போடாதீர்கள். சைக்கிளைக் கழுவி, காயவைத்து, பெடல் கழற்றி, பெட்டியில் அடைக்க அரைநாள் ஆகும், இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும்.