மூடுல் அப்கிரேடு பண்றப்ப கோர்ஸ் பேக்கப்ப மட்டும் நம்பி மாட்டிக்காதீங்க

மூடுல்ங்கறது காலேஜ்ல ஆன்லைன்ல பாடம், அசைன்மென்ட், குவிஸ் நடத்துற சாஃப்ட்வேர். நம்ம ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் காலேஜ்ல லீவு விட்டாதான் சர்வர்ல கை வைக்க விடுவாங்க. அப்ப வர்ற போன்ல அடிக்கடி கேக்குற வார்த்தை இதுதான்: "சார், புது வெர்ஷன் போட்டாச்சு, கோர்ஸ் ரீஸ்டோர் ஆக மாட்டேங்குது." ரீஸ்டோர்னா எடுத்து வச்ச பேக்கப்ப திரும்ப சைட்ல ஏத்துறது. பேக்கப் ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பதறுவாங்க, ஆனா பெரும்பாலும் ஃபைல் நல்லாதான் இருக்கும்.

முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கணும். எம்பிஸெட் (.mbz) ஃபைல்ங்கறது ஒரு கோர்ஸோட பேக்கப், சைட்டோட பேக்கப் இல்ல. சைட் செட்டிங், பிளகின் (கூடுதல் வசதிக்கு சேக்குற துணை சாஃப்ட்வேர்) எதுவும் அதுல வராது. அப்கிரேடுக்கு முன்னாடி சைட்ட மெயின்டனன்ஸ் மோடுல (பசங்க உள்ள வர முடியாதபடி) போட்டுட்டு டேட்டாபேஸ், மூடுல்டேட்டா ஃபோல்டர் (ஏத்துன ஃபைல் எல்லாம் இருக்குற இடம்), கோடு ஃபோல்டர் மூணையும் ஒரே நேரத்துல எடுக்கணும், டேட்டாபேஸ நைட்டு எடுத்துட்டு மூடுல்டேட்டாவ காலைல எடுத்தா நடுவுல பசங்க சப்மிட் பண்ண அசைன்மென்ட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம நிக்கும்.

அடுத்தது யார் பேக்கப் எடுத்தாங்கங்கறது. சாதாரணமா டீச்சர் லாகின்ல எடுத்தா பசங்க டேட்டா சேராது, அதுக்கு மேனேஜரோ அட்மினோ எடுக்கணும். பழைய சர்வர அழிச்சதுக்கு அப்புறம் மார்க் காணோம்னு சொன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

வெர்ஷன் தாண்டுறதுலயும் அவசரம் வேண்டாம். மூடுல் 4.5-க்கு நேரா போகணும்னா குறைஞ்சது 4.1.2 இருக்கணும், பிஹெச்பி (மூடுல் ஓடுறதுக்கு சர்வர்ல வேண்டிய புரோகிராமிங் மொழி) குறைஞ்சது 8.1 வேணும். 3.9-ல இருக்கறவங்க முதல்ல 4.1 சீரிஸோட கடைசி ரிலீஸுக்கு வாங்க, அது பிஹெச்பி 7.4-லயும் ஓடும் 8.1-லயும் ஓடும், அங்க நின்னு பிஹெச்பிய மாத்திட்டு அப்புறம் மேல ஏறலாம். குன்னூர்ல வண்டி மாறி ஊட்டிக்கு ஏறுற மாதிரிதான். புதுசுல எடுத்த பேக்கப்ப பழைய வெர்ஷன்ல ஏத்திப் பாக்குறாங்க சிலர், சில நேரம் ஏறும், ஆனா அத நம்பாதீங்க. 2010-ல 2.0 வந்தப்பவே பேக்கப் ஃபார்மட் மாறிடுச்சு, அதுக்கு முந்தின 1.9 பேக்கப் கிடைச்சா பாடம் மட்டும்தான் வரும், பசங்க டேட்டா வராது.

பிளகின் விஷயம்தான் இருக்கறதுலயே மோசம், ஏன்னா பெருசா எரர் வராது. பழைய சைட்ல ஒரு எக்ஸ்ட்ரா ஆக்டிவிட்டி பிளகின் இருந்து புதுசுல இல்லன்னா ரீஸ்டோர் நல்லபடியா முடிஞ்ச மாதிரியே இருக்கும், அந்த ஆக்டிவிட்டி மட்டும் கோர்ஸ்ல இருக்காது. பிளகின் போட்டுட்டு அப்புறம் ரீஸ்டோர் பண்ணுங்க.

பெரிய ஃபைல பிரவுசர்ல அப்லோட் பண்றதே எனக்கு ஆகாத விஷயம். பிஹெச்பில டீஃபால்ட் அப்லோட் லிமிட்டே 2 எம்பிதான், அத ஏத்தினா போஸ்ட் சைஸ் லிமிட்டையும் (ஒரு தடவைல அனுப்புற மொத்த டேட்டாவோட அளவு) சேத்து ஏத்தணும், இது ரெண்டையும் பண்ணிட்டு உக்காந்தா நவம்பர் மழைக்கு கோத்தகிரில எங்கயாவது மரம் லைன்ல விழுந்து கரண்ட் போயிருக்கும். ஃபைல நேரா சர்வர்ல காப்பி பண்ணிட்டு கமாண்ட் லைன்ல (கட்டளைய டைப் பண்ணி) ரீஸ்டோர் பண்ற ஸ்கிரிப்ட ஓட்டுங்க. பேக்கப் ஃபைல விரிச்சுப் போட டெம்ப் (தற்காலிக) ஃபோல்டர்ல இடமும் வேணும், ஃபைல் சைஸ் அளவு மட்டும் பாத்தா பத்தாது.

ரீஸ்டோர் பெண்டிங்லயே நிக்குதுன்னா க்ரான் (குறிச்ச நேரத்துல வேலைகள தானா ஓட்டுற வசதி) ஓடுதான்னு பாருங்க, பேக்கிரவுண்ட்ல நடக்குற ரீஸ்டோருக்கு க்ரான்தான் உயிர். 'அட்மின்' பேர்ல யூசர் கான்ஃப்ளிக்ட் வந்தா, ரெண்டு சைட்லயும் அதே யூசர்நேம், ஆனா வேற ஈமெயில்னு அர்த்தம். சைட் பேக்கப் செட்டிங்ஸ்ல, ஜெனரல் இம்போர்ட் டீஃபால்ட்ஸ் பக்கத்துல அட்மின் கான்ஃப்ளிக்ட தீக்க அனுமதிக்கிற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணாலே பெரும்பாலும் தீந்துடும்.

எல்லாம் முடிஞ்சதும் பழைய சர்வர உடனே அணைக்காதீங்க. ஏதோ ஒரு மாணவரோட கிரேடு, சப்மிட் பண்ண ஃபைல், குவிஸ் அட்டெம்ப்ட் மூணையும் ரெண்டு பக்கமும் திறந்து ஒத்துப் பாருங்க, கோர்ஸ் பேஜ் நல்லா தெரியுதுங்கறத மட்டும் வச்சு ஓகே சொல்லிடாதீங்க.