மேடிசனில் ஒரு சனிக்கிழமை: அவசரமில்லாமல் சுற்றுவதற்கு ஒரு திட்டம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன். மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஊரின் மையம் இருக்கிறது. அங்கே மாநில சட்டமன்றமான கேப்பிட்டல். மேற்கே 1848இல் தொடங்கிய பல்கலைக்கழகம். இரண்டையும் இணைக்கும் ஸ்டேட் ஸ்ட்ரீட் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். அதனால் நாள் முழுக்க நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் தேதி. ஏப்ரல் பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஏதாவதொரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலம் என்றால் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அன்று உள்ளூரில் ஆட்டம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கேம்ப் ராண்டல் அரங்கில் 75,000 பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை பேரும் வரும் நாளில் நிதானமாகச் சுற்ற முடியாது, வேறு வாரம் பாருங்கள்.

அடுத்து, காலை எட்டு மணிக்குள் கேப்பிட்டல் சதுக்கத்துக்கு வந்து, காரை நிறுத்திவிட்டு மாலை வரை மறந்துவிடுங்கள். சதுக்கத்தைச் சுற்றி 1972 முதல் உழவர் சந்தை நடக்கிறது. விளைவித்தவர்களே, செய்தவர்களே விற்கிறார்கள். கூட்டம் முழுக்க ஒரே திசையில் நகரும். கோயிலில் வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசை அது. முதல் சுற்றில் வெறுமனே பாருங்கள், இரண்டாவதில் வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் முதல் சுற்றிலேயே வாங்கிவிடலாம்: சீஸ் கர்ட். பெயரைப் பார்த்துத் தயிர் என்று நினைக்காதீர்கள். அச்சில் அழுத்தாத, விரல் நுனியளவு சீஸ் துண்டுகள். அன்றைக்குச் செய்தது என்றால் மெல்லும்போது பல்லில் 'கீச் கீச்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அது புதுசு என்பதற்கு அடையாளம். ஒரு பையை வாங்கிக் கையில் வைத்துக் கொறித்தபடியே நடங்கள்.

அப்புறம் கேப்பிட்டலுக்குள் போங்கள், கட்டணம் கிடையாது. வெளியே வந்ததும் கோபுர உச்சியை அண்ணாந்து பாருங்கள். அங்கே நிற்கும் பொன்னிறப் பெண் சிலையின் தலைக்கவசத்தில் மாநில விலங்கான பேட்ஜர் உட்கார்ந்திருக்கும்.

மதியம் ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியாக மேற்கே நடங்கள். சொந்தக் கார்களுக்கு அங்கே அனுமதியில்லை, குழந்தைகளோடு போக நிம்மதி. பிடித்த கடையில் சாப்பிடலாம். வெயிலோ மழையோ படுத்தினால் சேஸன் ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

மூன்று மணிக்கு மேல் மெமோரியல் யூனியன் டெரஸுக்கு, அதாவது பல்கலைக்கழக மாணவர் மன்றக் கட்டடத்தின் திறந்தவெளி முற்றத்துக்கு, வந்துவிடுங்கள். இந்த நாளின் உயிரே இதுதான், இதற்கு மட்டும் நேரக் கணக்கு வேண்டாம். மெண்டோட்டா ஏரிக்கரையில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு நிற இரும்பு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் உதிக்கும் சூரியனைப் போலக் கதிர்கள் விரிந்திருக்கும். உள்ளே போய்ப் பாப்காக் ஐஸ்கிரீம் வாங்கி வாருங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பால்பண்ணைக் கூடத்தில் செய்வது. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் சோதனையை 1890இல் இங்கே உருவாக்கிய ஸ்டீபன் பாப்காக்கின் பெயர்தான் அதற்கு. கோடையில் சூரியன் மறையும்வரை உட்காருங்கள். ஏரிக்காற்று சில்லென்று வீசும், ஒரு மெல்லிய ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்குப் போனபின் மிச்சமிருக்கும் கர்ட் மறுநாள் கீச்சிடாது. மைக்ரோவேவில் சில நொடிகள் வைத்தால் சத்தம் திரும்பி வரும்.