ஏற்காட்டில் காபி எங்கே போனது? உரைகளைப் புள்ளிப் படமாக்கும்போது நடக்கும் தவறுகள்

"அண்ணா, எல்லாரும் ஏற்காட்டப் பத்தித்தானே எழுதியிருக்காங்க? காபி எங்கண்ணா போச்சு?"

சேலத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி டேட்டா பழகுகிறோம். ஏற்காட்டில் தங்கிப் போனவர்கள் தமிழில் எழுதிய கருத்துகளைத் திரட்டி, கிளஸ்டராக, அதாவது ஒத்த கருத்துகளின் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கருத்துக்கு ஒரு புள்ளி என்று ஒரு படத்தில் போட வேண்டும் என்பது அந்த வாரப் பயிற்சி. கேள்வி கேட்ட மாணவி காட்டிய படம் அழகாக இருந்தது. எட்டு நிறம், எட்டுத் தீவு; தீவு என்றால் ஒட்டி நிற்கும் புள்ளிக் கூட்டம். ஒவ்வொரு தீவிலும் அதிகம் வந்த சொற்களைப் பட்டியல் போட்டிருந்தார். அங்கேதான் வில்லங்கம். லம, பழம, மழ, படக என்று இருந்தது பட்டியல். காபி மருந்துக்கும் இல்லை.

பைத்தான் நிரல்மொழியின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் சொற்களை எண்ணி எடை போடும் டிஎஃப்-ஐடிஎஃப் கருவி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகள் தொடர்ந்து வருவதைத்தான் சொல் என்று எடுத்துக்கொள்ளும். பைத்தானின் வழக்கமான தேடல் முறைக்குத் தமிழின் துணைக்கால், கொக்கி, ஒற்றைக்கொம்பு, புள்ளி எதுவும் எழுத்தே அல்ல. அவை வரும் இடத்தில் சொல்லை வெட்டிவிடும். "சேலம்" வெட்டுப்பட்டால் ச தனியாக உதிர்ந்து, "லம" மட்டும் மிஞ்சும். பாலம், நிலம், காலம் எல்லாவற்றுக்கும் அதே "லம"தான். "காபி"யில் க தனி, ப தனி. ஒற்றை எழுத்துகளைக் கருவி தூக்கிப் போட்டுவிடும் என்பதால் காபிக்கு அங்கே இடமே இல்லை. சாலையும் குளிரும் குப்பையும் அதே வழியில் போய்விடும்.

இதில் எரிச்சலான விஷயம், பிழைச் செய்தி எதுவும் வராது. கிளஸ்டர் வரும், படம் வரும், நிறம் வரும். ஆகவே முதல் தவறு படத்தில் இல்லை, படத்துக்கு இரண்டு படி முன்னால் இருக்கிறது: வெட்டப்பட்ட சொற்களில் ஒரு ஐம்பதையாவது அச்சிட்டுப் பார்க்காதது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் எழுத்தாக ஏற்கும்படி, சொல்லை வெட்டும் டோக்கன் விதியை மாற்றினால் போதும். இடைவெளியை வைத்துப் பிரித்து, நிறுத்தற்குறிகளை நீக்கினாலும் சரிதான்.

அது முடிந்ததும் அடுத்தது வரும். ஏற்காடு, ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு, ஏற்காட்டிலிருந்து எல்லாம் கருவிக்கு நான்கு வெவ்வேறு சொற்கள். வேற்றுமை உருபு ஒட்டும் மொழிக்கு மூன்று முதல் ஐந்து எழுத்துத் துண்டுகளை எண்ணும் முறையோ, பல மொழி தெரிந்த எம்பெடிங் மாடலோ (கருத்தின் பொருளை எண் வரிசையாக்குவது) தேவலாம். ஆனால் எம்பெடிங் வைத்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. படத்தில் இரண்டு பெரிய கண்டங்கள் பிரிந்து நின்றால், "புகார் ஒரு பக்கம், பாராட்டு ஒரு பக்கம்" என்று துள்ளிக் குதிக்காதீர்கள். ஒன்று தமிழ் எழுத்தில் எழுதியது, மற்றொன்று தங்லீஷில் எழுதியது என்பதாகவே பல நேரம் இருக்கும்.

இனி படத்துக்கு வருவோம். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் இரவில் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். சேலம் முழுக்க விளக்கு. ஒட்டி நிற்பதுபோல் தெரியும் இரண்டு விளக்குகளில் ஒன்று அடிவாரத்திலும் மற்றொன்று பல கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். மூன்று பரிமாணம் இரண்டாகும்போதே இந்த ஏமாற்று. நம் கையில் இருப்பதோ 768 பரிமாண எம்பெடிங், அதாவது ஒரு கருத்துக்கு 768 எண்கள். அதை இரண்டாகச் சுருக்கித்தான் படம் போடுகிறோம்.

1901இல் கார்ல் பியர்சன் வழி வந்த பிசிஏ என்ற சுருக்கும் முறை, ஒரு நேர்மையான நிழல். ஆனால் உரைத் தரவில் முதல் இரண்டு அச்சுகள் மொத்த வேறுபாட்டில் சிறு பங்கைத்தான் பிடிக்கும். அந்தச் சதவீதத்தைப் படத்தின் மேல் எழுதாமல் விடுவதும் தவறுதான். 2008இல் வான் டெர் மாட்டனும் ஹின்டனும் கொண்டுவந்த டி-எஸ்என்இ என்ற முறை வேறு ஜாதி. பக்கத்து வீட்டுக்காரர்களைப் பக்கத்திலேயே வைக்க அது பாடுபடும். ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தைப் பற்றி அதற்குப் பெரிய கவலை இல்லை. அதனால் "இந்தத் தீவு அந்தத் தீவுக்கு இரட்டிப்புத் தூரம், ஆகவே கருத்தும் அவ்வளவு வேறு" என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. தீவின் அளவையும் நம்ப முடியாது. நெருக்கமான கூட்டத்தை விரித்தும் பரந்த கூட்டத்தைச் சுருக்கியும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆக்கிவிடுவது அதன் இயல்பு. எக்ஸ் அச்சு, ஒய் அச்சுக்குப் பெயர் வைப்பதையும் விட்டுவிடலாம். அவற்றுக்குப் பொருள் கிடையாது.

பெர்ப்ளெக்சிட்டி என்று ஒரு அளவு உண்டு. ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ எத்தனை அண்டை அயலைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது. வழக்கமாக 5 முதல் 50 வரை வைப்பார்கள், சைக்கிட்-லேர்ன் தானாக வைப்பது 30. ஒரே ஒரு மதிப்பில், ஒரே ஒரு தடவை ஓட்டி, பிடித்த படத்தை ஸ்லைடில் ஒட்டுவது எங்கள் குழுவில் எல்லாரும் ஒரு முறையாவது செய்த தப்பு, நான் உட்பட. மதிப்பு மிகக் குறைவாக இருந்தால் கண்டபடி உருவாக்கிய எண்களிலும் கொத்துக் கொத்தாகத் தீவு தெரியும். நான்கைந்து மதிப்பில், ஒவ்வொன்றிலும் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் 'சீட்' எண்ணை மாற்றி ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் தலைகாட்டும் தீவுக்குத்தான் மரியாதை. 2018இல் வந்த யூமேப் என்ற இன்னொரு சுருக்கும் முறைக்கும் இது பொருந்தும். அங்கே மாற்றிப் பார்க்க வேண்டியது அண்டைப் புள்ளிகளின் எண்ணிக்கையும் குறைந்தபட்ச இடைவெளியும்.

இவற்றைவிட மோசமானது ஒன்று. முதலில் டி-எஸ்என்இ போட்டு, கிடைத்த இரண்டு எண்களின் மேல் கிளஸ்டர் பிரிக்கும் கே-மீன்ஸ் முறையை ஓட்டி, அந்த நிறத்தையே அந்தப் படத்தில் பூசுவது. நிறமும் தீவும் அச்சு அசலாகப் பொருந்தத்தானே செய்யும்! படம் தன்னைத் தானே சாட்சிக்கு அழைக்கிறது. கிளஸ்டரை மூலப் பரிமாணத்திலோ, ஐம்பது வரை குறைத்த பரிமாணத்திலோ பிரியுங்கள். படம் பார்வைக்கு மட்டும். அப்போது நிறங்கள் கொஞ்சம் கலந்து தெரியும். அந்தக் கலப்பும் ஒரு தகவல்தான். சைக்கிட்-லேர்னில் டிரஸ்ட்வொர்தினஸ் என்ற அளவுகோல் உண்டு. படத்தில் புதிதாக முளைத்த போலி அண்டைகள் எவ்வளவு என்று சொல்லும். ஒன்றுக்கு அருகில் வந்தால் நல்லது.

அப்புறம், மே மாதக் கருத்துகளுக்கு ஒரு டி-எஸ்என்இ, டிசம்பருக்கு ஒன்று என்று தனித்தனியே ஓட்டி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு வரைபடம். சைக்கிட்-லேர்னின் டி-எஸ்என்இயில் புதிய புள்ளியைப் பழைய படத்தில் பொருத்தும் வசதி கிடையாது. யூமேப்பில் உண்டு.

தனியாக, கெட்டியாக, ஊசிமுனைபோல் ஒரு தீவு நின்றால் முதலில் நகல்களைச் சந்தேகியுங்கள். மாணவியின் படத்தில் அப்படி ஒன்று இருந்தது. திறந்து பார்த்தால் ஒரே வாசகம், எழுத்துப் பிழை உட்பட, வரிசையாக. அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி ஓட்டினோம்.

தமிழ் லேபிள் போடுகிறவர்கள் படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். முதலில் வெறும் கட்டங்கள் வரும். தமிழ் எழுத்துரு கொடுத்த பிறகும் பல பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிளாட்லி என்ற மற்றொரு நூலகம் உலாவியில் வரைவதால் எழுத்து ஒழுங்காக வரும், புள்ளிமேல் மவுஸை வைத்தால் முழுக் கருத்தையும் படிக்கலாம்.

டோக்கன் விதியை மாற்றி மறுபடி ஓட்டியதில் காபி திரும்பி வந்தது, இரண்டு தீவுகளில். ஒன்றில் காலைக் காபி ஆறிப்போய் வந்த கதை. மற்றொன்றில் ஊருக்குத் திரும்பும்போது கால் கிலோ தூள் வாங்கிப்போன கதை. "ரெண்டும் இவ்ளோ தூரத்துல இருக்கே, அண்ணா?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிட்டு, ஒவ்வொரு தீவிலும் பத்துப் பத்தாகத் திறந்து படிக்க ஆரம்பித்தார்.