டெரி கவுன்சில் முடிவுகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2023 மே 18 அன்று வட அயர்லாந்தின் 11 மாவட்டக் கவுன்சில்களுக்கும் தேர்தல் நடந்தது. முடிவு வந்ததும் ஒரே வரிதான் எங்கும் பரவியது. ஷின் ஃபெய்ன் 462 இடங்களில் 144 பிடித்து, உள்ளாட்சியிலும் முதல்முறையாகப் பெரிய கட்சி ஆகிவிட்டது, ஐரிஷ் தேசியவாதிகள் (அயர்லாந்தோடு இணைய வேண்டும் என்பவர்கள்) யூனியனிஸ்டுகளிடமிருந்து (பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பவர்கள்) இடங்களை அள்ளிவிட்டார்கள் என்று. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் நம்பிவிடக் கூடாது.

யூனியனிஸ்டுகளின் பெரிய கட்சி டி.யு.பி. அவர்களிடம் 2019-இல் 122 இடம் இருந்தது, 2023-இலும் அதே 122. ஓர் இடம்கூடக் குறையவில்லை. ஷின் ஃபெய்ன் 105-லிருந்து 144-க்குப் போனபோது பெரிய அடி வாங்கியது அதே தேசியவாதத் தரப்பில் உள்ள எஸ்.டி.எல்.பி. (59-லிருந்து 39), அப்புறம் யூனியனிஸ்ட் பக்கத்தில் பழைய கட்சியான யு.யு.பி. (75-லிருந்து 54). இரண்டு பக்கமும் சேராத அலையன்ஸ் 53-லிருந்து 67-க்கு ஏறியது. ஆக, ஷின் ஃபெய்னுக்குக் கூடிய 39 இடங்களுக்கு எதிரே, அதே தரப்பின் எஸ்.டி.எல்.பி. மட்டுமே 20 இழந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் "இவர்கள் அவர்களைத் தோற்கடித்தார்கள்" என்று எழுதுவதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு.

அடுத்த தவறு, இந்த மொத்தக் கணக்கை அப்படியே ஒரு மாவட்டத்தின் மேல் கவிழ்ப்பது. டெரி நகரமும் ஸ்ட்ரபேனும் சேர்ந்த மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மொத்தப் போக்கு அங்கே பல இடங்களில் பொருந்தவே இல்லை. அந்தக் கவுன்சிலில் 40 இடங்கள். ஷின் ஃபெய்ன் 2014-இல் 16, 2019-இல் 11, 2023-இல் 18. வடக்கு முழுவதும் சரிந்த எஸ்.டி.எல்.பி. இங்கே 10, 11, 10 என்று கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. இது அந்தக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் ஹ்யூமின் ஊர், கட்சியின் வேர் இங்கே ஆழமானது, அதனால் வெளியே அடித்த காற்று இங்கே அதே வேகத்தில் அடிக்கவில்லை. அலையன்ஸ் கதை இன்னும் நேர்மாறு. 2019-இல் இங்கே 2 இடம் பிடித்தார்கள், 2023-இல் மற்ற ஊர்களில் எல்லாம் வளர்ந்துகொண்டிருந்த அதே நாளில் இங்கே இரண்டையும் இழந்தார்கள். டி.யு.பி. மொத்தத்தில் அசையவில்லை என்றேனே, இங்கே 7-லிருந்து 5 ஆனது. மொத்தத்தில் சரிந்த யு.யு.பி. இங்கே 2-லிருந்து 3 ஆனது. தலைநகர் பெல்ஃபாஸ்டிலிருந்து வரும் ஒரு தலைப்பை வைத்து டெரியைப் பற்றிப் பேசினால் பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும்.

2019-இல் ஷின் ஃபெய்ன் 11-க்கு விழுந்தபோது, இங்கே அவர்கள் காலம் முடிந்தது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். நான்கே வருடத்தில் 18. ஒரு தேர்தலின் ஏற்ற இறக்கத்தைப் போக்கு என்று சொல்லும் அவசரம் வேண்டாம், குறைந்தது மூன்று தேர்தலை வரிசையாக வைத்துப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தலையும் இதோடு குழப்பக் கூடாது. இதே ஊர் அடங்கிய ஃபாயில் தொகுதியில் 2017-இல் ஷின் ஃபெய்ன் வெறும் 169 வாக்கில் ஜெயித்தது, 2019 டிசம்பரில் எஸ்.டி.எல்.பி.யின் கோலம் ஈஸ்ட்வுட் 17,000-க்கும் அதிகமான வித்தியாசத்தில் அதைத் திரும்பப் பெற்றார். அதே மக்கள்தான், ஆனால் அங்கே ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இங்கே 40 பேரை.

மூன்று தேர்தல் என்று சொன்னதும் சிலர் 2011-க்கும் போய்விடுவார்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 2014-க்கு முன்னால் இப்படி ஒரு மாவட்டமே கிடையாது. டெரி நகரக் கவுன்சில் தனி, ஸ்ட்ரபேன் மாவட்டக் கவுன்சில் தனி. வடக்கில் அப்போது 26 கவுன்சில்கள் இருந்தன, அவற்றை 11 ஆகச் சேர்த்தார்கள், 582 இடங்கள் 462 ஆயின. 2011-இல் டெரி நகரக் கவுன்சிலின் 30 இடங்களில் 14 எஸ்.டி.எல்.பி.யிடம் இருந்தது, ஷின் ஃபெய்னிடம் 10. 2014-இல் எஸ்.டி.எல்.பி. 40-இல் 10. இதைப் பார்த்து மூன்றே வருடத்தில் கட்சி சரிந்துவிட்டது என்று முடிவு கட்டினால் அது முழு உண்மை ஆகாது. ஷின் ஃபெய்ன் ஏற்கெனவே பலமாக இருந்த ஸ்ட்ரபேன் பக்கத்தையும் சேர்த்து எண்ணுகிறோம். எல்லை மாறிய வருடத்தில் கோடு போட்டு நிறுத்திவிடுங்கள், அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரிசையில் ஒட்டாதீர்கள்.

எல்லை என்று வந்துவிட்டதால், நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் எல்லைக்கோடு என்பது சாதாரண நிர்வாக விஷயம் இல்லை. 1967 கணக்குப்படி டெரி மாநகராட்சித் தேர்தலில் 14,429 கத்தோலிக்க வாக்காளர்கள் (பெரும்பாலும் தேசியவாதிகள்), 8,781 மற்றவர்கள் (பெரும்பாலும் யூனியனிஸ்டுகளான புராட்டஸ்டன்டுகள்). ஆனால் 20 இடங்களில் யூனியனிஸ்டுகளுக்கு 12, தேசியவாதிகளுக்கு 8. எப்படி? நகரத்தை மூன்று வார்டாக வெட்டினார்கள். தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்கர்களை அடைத்து 8 இடம் கொடுத்தார்கள். வடக்கு வார்டில் மற்றவர்கள் 3,946, கத்தோலிக்கர்கள் 2,530, அங்கேயும் 8 இடம். வாட்டர்சைடில் மற்றவர்கள் 3,697, கத்தோலிக்கர்கள் 1,852, அங்கே 4 இடம். பெரும்பான்மை ஊர் சிறுபான்மை கவுன்சில் ஆனது இப்படித்தான். போதாக்குறைக்கு உள்ளாட்சியில், சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு வீட்டைத் தன் பெயரில் வைத்திருப்பவருக்கும் அவர் துணைக்கும்தான் பொதுவாக வாக்கு. பெற்றோர் வீட்டில் இருக்கும் வயது வந்த பிள்ளைக்கோ, ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவருக்கோ கிடையாது. வீடு ஒதுக்குவதும் கவுன்சிலின் கையில். ஆக ஒரு வீடு கொடுத்தால் அதோடு வாக்கும் போகும் என்பதால் வீடு கொடுப்பதே அரசியலானது. 1968 அக்டோபர் 5 அன்று ட்யூக் தெருவில் ஊர்வலம் போனவர்கள் போலீஸிடம் அடி வாங்கியது இதை எதிர்த்துத்தான். 1969-இல் அந்த மாநகராட்சியே கலைக்கப்பட்டு ஒரு ஆணையத்திடம் நகரம் ஒப்படைக்கப்பட்டது.

1973-இல் வந்த புதிய முறையில்தான் இன்றும் வாக்களிக்கிறார்கள், மாற்றத்தக்க ஒற்றை வாக்கு. இது அயர்லாந்துக்குப் புதிதும் அல்ல. 1920-இல் தீவு முழுவதும் உள்ளாட்சிக்கு இதே முறைதான் இருந்தது, வடக்கு அரசு 1922-இல் அதை ஒழித்திருந்தது. அதனால் இந்த வாக்குச்சீட்டு வெறும் கணக்கு விளையாட்டு இல்லை, போராடித் திரும்பப் பெற்ற உரிமை என்றே நான் பார்க்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ளாமல் "முதலில் யார் அதிகம் வாங்கினார்கள்" என்று மட்டும் பார்ப்பது பெரிய தவறு. டெரி ஸ்ட்ரபேன் மாவட்டத்தில் ஏழு தேர்தல் பகுதிகள் உண்டு. வாட்டர்சைடு, ஸ்பெரின் இரண்டிலும் ஏழேழு பேர், பாலியார்னெட்டில் ஆறு, மற்ற நான்கில் ஐந்தைந்து. வேட்பாளர்களுக்கு நேராக 1, 2, 3 என்று உங்கள் விருப்ப வரிசையில் எண் போடுவீர்கள். நம் மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பதும் இதே முறையில்தான், அங்கே வாக்களிப்பது சில நூறு பேர், இங்கே ஊர் முழுவதும்.

ஒரு பகுதியில் 9,000 செல்லும் வாக்குகள், 5 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 9,000-ஐ 6-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 1,501. அதை எட்டியவர் ஜெயித்தார். ஒருவர் முதல் சுற்றிலேயே 1,801 வாங்கினால் அவருக்குத் தேவைக்கு மேல் 300 இருக்கிறது. அது வீணாகாது, அவருடைய 1,801 சீட்டுகளிலும் இரண்டாவதாக யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு சீட்டும் 0.16 மதிப்போடு அடுத்தவருக்குப் போகும். பிறகும் இடம் மீதி இருந்தால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு அனுப்புவார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போகும். எண்ணிக்கையே மறுநாள் காலையில்தான் தொடங்கும், 2023-இல் இரண்டு நாள் ஆனது. முதல் சுற்றில் ஐந்தாவதாக நின்றவர் கடைசியில் தோற்பதும், ஏழாவதாக நின்றவர் மற்றவர்களின் இரண்டாம் விருப்பத்தால் மேலே வருவதும் இங்கே சகஜம். முதல் சுற்றுப் பட்டியலைப் படம் பிடித்துப் போட்டு "இவர்கள்தான் வெற்றியாளர்கள்" என்று அறிவிக்க வேண்டாம்.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஏழு இடப் பகுதியில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் கொஞ்சம் தாண்டினால் ஓர் இடம் உறுதி. ஐந்து இடப் பகுதியில் ஆறில் ஒரு பங்கு வேண்டும், கிட்டத்தட்ட 16.7 சதவீதம். சின்னக் கட்சிக்கு இந்த நாலு சதவீதம்தான் வாழ்வா சாவா. அதனால் ஒரு கட்சி இடம் இழந்தது என்றால் உடனே "மக்கள் நிராகரித்தார்கள்" என்று எழுதாதீர்கள். அந்தப் பகுதியில் எத்தனை இடம், அவர்கள் எத்தனை பேரை நிறுத்தினார்கள், அடுத்த விருப்பம் யாரிடமிருந்து வந்தது என்று பார்த்த பிறகு எழுதுங்கள். மூன்று பேர் ஜெயிக்கக்கூடிய இடத்தில் இரண்டே பேரை நிறுத்தி ஓர் இடத்தைக் கோட்டை விடுவதும், இரண்டு பேருக்கான வாக்கை நாலு பேருக்குப் பிரித்து நடுவிலேயே நீக்கப்படுவதும் கட்சிகள் செய்யும் தவறுகள்.

சரி, 18 இடம் வாங்கிவிட்டார்கள், அப்போது ஷின் ஃபெய்ன்தான் டெரியை ஆள்கிறதா? இல்லை. 40-இல் பெரும்பான்மைக்கு 21 வேண்டும். தவிர, 2014-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி மேயர், குழுத் தலைவர் போன்ற பொறுப்புகளை கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பகிர்ந்துதான் ஆக வேண்டும், பெரிய கட்சி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. மேயர் பதவி ஒரு வருடம்தான். 2024-இல் மேயரானவர் எஸ்.டி.எல்.பி.யின் லிலியன் செனோய்-பார், கென்யாவில் பிறந்தவர், வட அயர்லாந்தின் முதல் கறுப்பின மேயர். அவர் 2021-இல் முதலில் கவுன்சிலுக்குள் வந்தது தேர்தலில் அல்ல, காலியான இடத்துக்குக் கட்சி நியமித்து. நடுவில் இடம் காலியானால் அங்கே பெரும்பாலும் இடைத்தேர்தல் கிடையாது, அந்தக் கட்சியே ஆளைப் போடும். 2023-இல் மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே கவுன்சிலில் ஒரு முகம் மாறியதைப் பார்த்து அரசியல் மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

சிறுபான்மைக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரு முடிவு மாவட்டத்தின் ஒரு பகுதி மக்களை அளவுக்கு மீறிப் பாதிக்கும் என்று 15 சதவீதக் கவுன்சிலர்கள், இங்கே ஆறு பேர், கையெழுத்துப் போட்டால் அதை மறுபடி எடுக்க வைக்கலாம். வழக்கறிஞரின் கருத்து அதை ஆதரித்தால், அந்த முடிவு நிறைவேற வாக்களிப்போரில் 80 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும். 1960-களை நினைத்துப் பார்த்தால் இந்த விதி ஏன் வந்தது என்று தெரியும்.

வீடு, சாலை, பள்ளிக்கூடம் பற்றி கவுன்சிலரிடம் கோபப்படுவதும் தவறான முகவரி. வீட்டு ஒதுக்கீட்டை 1971-இல் அமைந்த வட அயர்லாந்து வீட்டுவசதி நிர்வாகத்திடம் மாற்றிவிட்டார்கள். மேலே சொன்ன அநியாயம்தான் அதற்குக் காரணம். கவுன்சிலிடம் இருப்பது குப்பை, கட்டட அனுமதி, பூங்கா, உடற்பயிற்சி நிலையம், இடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு, உள்ளூர் வரியில் தன் பங்கை நிர்ணயிப்பது போன்றவை. பட்டியல் சின்னதாகத் தெரியலாம், ஆனால் உங்கள் பக்கத்து மனையில் என்ன கட்டலாம் என்பதை இவர்கள்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் எல்லைக்கு அந்தப் பக்கம். டெரியிலிருந்து சில மைல் போனால் டானிகால், அது அயர்லாந்துக் குடியரசு. அங்கே உள்ளாட்சித் தேர்தல் 2024 ஜூன் 7 அன்று நடந்தது. நாடு முழுவதும் 949 இடங்களில் ஃபியான்னா ஃபாயில் 248, ஃபைன் கேல் 245, ஷின் ஃபெய்ன் 102. ஒரே பெயர் கொண்ட கட்சி வடக்கில் முதலிடம், தெற்கில் வெகு பின்னால். டானிகாலில் விரிசல் விட்ட கட்டடக் கற்களால் வீடு இழந்தவர்களுக்கு முழு இழப்பீடு கேட்டுத் தொடங்கிய கட்சி நாலு இடம் பிடித்தது. வடக்கின் எண்ணையும் தெற்கின் எண்ணையும் கலந்து "அயர்லாந்தில் ஷின் ஃபெய்ன்" என்று ஒரே வாக்கியம் எழுதுபவர்கள் இரண்டையும் தவறாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக, அங்கே குடியிருக்கும் நம் ஆட்களுக்கு. எனக்கு வாக்கு கிடையாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். வட அயர்லாந்தில் முறைப்படி தங்க அனுமதி உள்ள இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் 18 வயதானால் வாக்காளர் பட்டியலில் சேரலாம், உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, வெஸ்ட்மின்ஸ்டர் (பிரிட்டன் நாடாளுமன்றம்) தேர்தலுக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் லெட்டர்கென்னியில் இருந்தால் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் உள்ளாட்சிக்கு வாக்கு உண்டு, ஆனால் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு அங்கே நாடாளுமன்றத்துக்குக் கிடையாது. வடக்கில் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் கட்டாயம், தகுந்த ஆவணம் கையில் இல்லாவிட்டால் தேர்தல் அலுவலகம் இலவசமாகவே தேர்தல் அடையாள அட்டை தருகிறது, ஆனால் அது கைக்கு வர நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உள்ளே போன பிறகு மூன்று பேருக்கு நேராக மூன்று பெருக்கல் குறி போட்டால் அந்தச் சீட்டு செல்லாது, எண்தான் போட வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிடவும் வேண்டாம். 2, 3 போட்டால் 1-க்குக் கெடுதல் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வராது. உங்கள் முதல் ஆள் ஜெயித்த பிறகோ நீக்கப்பட்ட பிறகோதான் இரண்டாவது பெயரையே பார்ப்பார்கள். அடுத்த கவுன்சில் தேர்தல் 2027-இல் வர வேண்டியது.