பழைய ஓட்டோ கியர் காருக்கு கியர் ஒயில் கூலர் (ஒயிலைக் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர்) தேவையா?

கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் காரில், மெதுவான வளைவுகளில் டோர்க் கன்வர்ட்டர் (எஞ்சின் விசையை ஒயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம்) லொக் ஆகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கியர் ஒயிலைச் சூடாக்குவது அதுதான்.

வாங்குமுன் அளந்து பாருங்கள். ஆளும் சாமானும் ஏற்றி மேலே வந்ததும், காரின் கணினியில் செருகிப் பார்க்கும் ஸ்கேனரில் ஒயில் வெப்பநிலை 80–95 பாகை செல்சியஸ் என்றால் காசைச் சேமியுங்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் 110ஐத் தாண்டினால் கூலர் போடலாம். கியர் ஒயிலும் ரேடியேட்டர் வழியே ஓடிக் குளிர்வதால், அதற்கு முன் ரேடியேட்டரில் அடைத்த சேற்றைக் கழுவிப் பாருங்கள். பல கார்களுக்கு அதுவே போதும்.

ஒயில் கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கும், கூலர் அதைக் காப்பாற்றாது. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் ஓட்டை, தண்ணீர் கலந்துவிட்டது. முதலில் ரேடியேட்டரை மாற்றுங்கள்.

கூலரை ரேடியேட்டரிலிருந்து கியர்பெட்டிக்குத் திரும்பும் லைனில் பொருத்துங்கள். ஒயிலை ரேடியேட்டருக்குள் விடாமல் கூலருக்கு மட்டும் விடச் சொல்லும் பாஸ்மாரும் உண்டு. அப்படிச் செய்தால் நுவரெலியாக் குளிரில் ஒயில் சூடேறத் தாமதமாகி கியர் பிந்தி விழும். பெற்றோல் ஹோஸ் வேண்டாம், இறுகி வெடிக்கும். கியர் ஒயிலுக்கான ஹோஸே வேண்டும். கூலரைப் பிளாஸ்டிக் பட்டியால் ரேடியேட்டர் தகடுகளில் கட்டினால் உராய்ந்து துளை விழும். இரும்புத் தாங்கி அடியுங்கள். கடைசியில், கைநூல் சொல்லும் முறையில் மட்டம் பார்த்து, குறைந்ததை அதே வகை ஒயிலால் நிரப்புங்கள்.